சாகாத நான்கு தொட்டிகள்

இல்லை சுதா, அந்த நான்கு செடிகளும் சாகவில்லை. உன் கடிதத்தின் இரண்டாவது பக்கத்து ஓரத்தில், ஏதோ ஞாபகம் வந்து எழுதினதுபோல, ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். பூஞ்சை சேர்த்த தொட்டிகள் பன்னிரண்டு, சேர்க்காதவை எட்டு, மீதி நான்கு மட்டும் எப்படி நீர் தேங்கிச் செத்தன என்று என் ஆராய்ச்சி கைடு கேட்கிறார், அடுத்த கடிதத்தில் எழுது அம்மா என்று. பத்து நாளாக அந்த அடுத்த கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் மூன்று எழுதிக் கிழித்தேன். ஆங்கிலத்தில், யார் செய்தது என்று சொல்லாமலே ஒரு பக்கத்தை முடித்துவிட முடிகிறது. அத்தனை வருஷம் ரிப்போர்ட் எழுதிய கை. அதனால் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நீ அழுதுகொண்டே போனாய். நாலு வாரத்தில் நான் அனுப்புவதை விட்டுவிட்டேன். அது என் சோம்பல். மெதுவாகப் படி. ஒவ்வொரு வரியாகத்தான் இதைச் சொல்ல எனக்கும் முடிகிறது.

அடுத்த மாதம் ராமநாதபுரம் பக்கம் ஆறு விவசாயிகளின் நிலத்தில் நித்யகல்யாணி நடப்போவதாக எழுதியிருக்கிறாய். கடலை போட்டுக்கொண்டிருந்த நிலம். வேர்ப்பூஞ்சை கலந்து நட்டால் வேரில் மருந்து கூடும், கம்பெனிக்காரர்கள் நல்ல விலை கொடுப்பார்கள் என்று அவர்களிடம் சொல்லியாயிற்று. எதை வைத்துச் சொன்னீர்கள் என்று பார்த்தால், முதலில் வருவது என் கட்டுரை. ஏழு வருஷத்துக்கு முன்னால் செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் மொட்டை மாடியில் இருபத்துநான்கு தொட்டிகளை வைத்து உன் அம்மா செய்தது. இது நம் இருவருக்குள் இருக்கும் விஷயமாக மட்டும் இருந்திருந்தால் இன்னும் ஒரு ஏழு வருஷம் பேசாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். இருந்திருக்கமாட்டேன் என்று எழுத ஆசை. ஆனால் இருந்திருப்பேன்.

உன் அப்பா போன அடுத்த வருஷம் அந்த வேலைக்குப் போனேன். தற்காலிக வேலை. கல்யாணத்துக்கு முன் படித்த நுண்ணுயிரியல், பதினைந்து வருஷம் டிரங்குப் பெட்டியில் கிடந்த சர்டிபிகேட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் தருவார்கள், இன்னும் ஆறு மாதம் என்று. நித்யகல்யாணி வேரிலிருந்து எடுப்பது ரத்த அழுத்தத்துக்கான மருந்து. உன் அப்பா ரத்த அழுத்தத்தில்தான் போனார், குர்லா ஸ்டேஷன் படியில், கையில் டிபன் டப்பாவோடு. இந்த இரண்டையும் நான் யாரிடமும் சேர்த்துச் சொன்னதில்லை. லேபில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வேர்களைக் கையில் எடுக்கும்போது எனக்குத் தெரியும். அந்தச் செடியில் மருந்து கூடவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஆராய்ச்சி செய்கிறவள் ஆசைப்படக்கூடாத அளவுக்கு.

மைதீன் பாயை உனக்கு ஞாபகம் இருக்கும். லேப் அட்டெண்டர். தென்காசிப் பக்கத்து ஊர், தாராவியில் வீடு. ஒரு முறை உன் பிறந்தநாளைக்குத் தோல் பென்சில் பை கொண்டுவந்தாரே, அவர். அந்தக் கட்டிடம் முழுக்க மராத்தியும் குஜராத்தியும் இங்கிலீஷும். தமிழில் பேச எனக்கு அவர், அவருக்கு நான். தொட்டிகளை குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவிலிருந்து கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். மண்ணை நீராவியில் வேகவைத்து ஆறவிட்டோம். பிறகு பூஞ்சை வளர்ந்த மண்ணை நீரில் கரைத்து, சல்லடை மேல் சல்லடையாகச் சலித்து, கடைசிச் சல்லடையில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் அவருக்குக் காட்டினேன். மஞ்சள் மஞ்சளாக உருண்டைகள். ரவை மாதிரி.

"இது என்னதும்மா, செடிக்கு வார சீக்கா?" என்றார்.

"சீக்கு இல்ல பாய். இது முளைச்சு வேருக்குள்ள போய் குடியிருக்கும்."

"குடியிருக்குமா? பகடிப் பணம் குடுக்காம பம்பாயில எவன் வீடு குடுப்பான்?"

"குடுக்கும். வேருக்கு எட்டாத இடத்திலேர்ந்து பாஸ்பரஸ் கொண்டுவந்து குடுக்கும். அதுதான் பகடி. செடி அதுக்குச் சாப்பாடு போடும்."

"அப்ப நல்ல குடித்தனம்தான்" என்றார். "எங்க வீட்டுக்காரனுக்கு இதக் காட்டணும்."

சிரித்தோம். அந்த லேபில் நான் சிரித்தது பெரும்பாலும் அவரோடுதான்.

இப்போது நான் செய்த முதல் தப்பு. இதைத் தப்பு என்று அப்போது யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நல்ல சுத்தம் என்று சொல்லியிருப்பார்கள். பூஞ்சை போட்ட தொட்டியிலிருந்து போடாத தொட்டிக்கு ஒரு துளி மண்கூடப் போய்விடக் கூடாது என்று எனக்கு ஒரே பயம். அதனால் இரண்டையும் கலந்து வைக்காமல் பிரித்துவிட்டேன். பூஞ்சைத் தொட்டிகள் பன்னிரண்டும் மேற்குச் சுவர் ஓரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில். பூஞ்சை இல்லாதவை பன்னிரண்டும் மாடியின் அந்தக் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், திறந்த வெளியில். இரண்டு கரண்டி, இரண்டு வாளி. பூஞ்சைக் கரண்டிக்குச் சிவப்பு நாடா. மைதீன் பாய் முதலில் இந்தப் பக்கம் வேலையை முடித்து, கால் கழுவி, பிறகுதான் அந்தப் பக்கம் போகவேண்டும். "மேடம், நான் அஞ்சு வேளை தொழுகைக்கு மேல இப்ப ஆறாவது வேளையும் கால் கழுவுதேன்" என்பார். நான் பெருமையாக இருந்தேன். கூரைக்கு அடியில் வெயில் காலத்தில் எப்படிக் கொதிக்கும் என்று யோசிக்கவில்லை. மழை வந்தால் ஒரு பக்கத்துச் செடி நனையும், மறு பக்கத்துச் செடி காயும் என்று யோசிக்கவில்லை. ஒன்றைக் காப்பாற்றுவதில் இருந்தவளுக்கு மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை.

எண்பத்தொன்று மழைக்காலம். ரயில் இரண்டு நாள் ஓடவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது மைதீன் பாய் எனக்கு முன்னால் வந்திருந்தார், தாராவியிலிருந்து நடந்தே. மாடிப்படியிலேயே நின்றிருந்தார். "எம்மா, மேல கணுக்கால் தண்ணி. தண்ணி போற குழாய எல வந்து அடச்சிட்டு. உங்க பூஞ்சை எல்லாம் நீஞ்சி அந்தக் கரைக்குப் போயிருக்கும்." கேலியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். குழாயைக் குத்திவிட்டோம், தண்ணீர் இறங்கியது, தொட்டிகள் இருந்த இடத்தில் இருந்தன. அதை நான் நோட்டில் எழுதவில்லை. தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் வெளியே போவது போலவே உள்ளேயும் வரும்.

மழை முடிந்து எல்லாச் செடிகளையும் பிடுங்கினோம். மைதீன் பாய் வேர்களைக் கழுவி இருபத்துநான்கு கட்டாகக் கட்டினார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மெல்லிய வேரை எடுத்து, காரக் கரைசலில் வேகவைத்து, நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். உனக்குத் தெரிந்த வேலைதான். பூஞ்சை இருக்கிற வேரில், செல்லுக்குள் சின்னச் சின்ன மரங்கள் மாதிரி நீலமாகத் தெரியும். முதல் முறை பார்த்தபோது அழகாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். இந்த முறை, பூஞ்சையே இருக்கக்கூடாத பன்னிரண்டில், நான்கு தொட்டி வேர்களில் அந்த மரங்கள் இருந்தன. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், தாழ்வான இடத்தில் இருந்த நான்கு. சரி, பூஞ்சை போய்விட்டது, அவற்றையும் பூஞ்சைத் தொட்டிகளோடு சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு மருந்தின் அளவு வந்தது. கூரைக்கு அடியில் இருந்த பன்னிரண்டிலும் மருந்து கூடியிருந்தது. திறந்த வெளியில் பூஞ்சை இல்லாத எட்டிலும் குறைவு. பூஞ்சை இருந்த அந்த நான்கிலும், அதே அளவு குறைவு.

நீ இந்த இடத்தில் நிறுத்தி யோசிப்பாய். நானும் நிறுத்தி யோசித்தேன். பூஞ்சை இருந்தும் மருந்து கூடவில்லை என்றால், கூரைக்கு அடியில் கூட்டியது எது? தாகமாக இருக்கலாம். காய்ந்த செடி வேரில் மருந்தைச் சேர்த்துக்கொள்ளும் என்று நமக்குத் தெரியும். அல்லது பூஞ்சைதானா, அந்த நான்கில் அது தாமதமாகப் போனதால் வேலை செய்யவில்லையா? அதுவும் இருக்கலாம். நான்கு தொட்டியை வைத்துக்கொண்டு பூஞ்சை பொய் என்று சொல்லமுடியாது. தெரியவில்லை என்றுதான் சொல்லமுடியும். மறுபடியும் செய்து பார்க்கவேண்டும் என்று எழுதியிருக்கவேண்டும். மறுபடியும் செய்ய ஒரு வருஷம் ஆகும். என்னை நிரந்தரமாக்குவதா என்று முடிவுசெய்யும் கூட்டம் அந்த மாதக் கடைசியில்.

யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. டைரக்டர் கேட்டது ஒரே கேள்வி, முடிவு வந்துவிட்டதா என்று. வந்துவிட்டது என்றேன். அந்த நான்கை விட்டுவிட்டால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தினமும் எந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார் என்று மைதீன் பாய் ஒரு ரெஜிஸ்டரில் கோடு போடுவார். எழுத அவருக்கு அவ்வளவாக வராது, கோடு போடுவார். புது ரெஜிஸ்டர் ஒன்றை அவர் முன் வைத்தேன். பழையதைப் பார்த்துப் புதிதாகப் போடுங்கள், இந்த நான்குக்கு மட்டும் ஆவணி மாதத்திலிருந்து கோடு வேண்டாம், பெருக்கல் குறி போடுங்கள் என்றேன்.

"எதுக்கும்மா?"

"அது நாலும் செத்துப்போச்சு பாய்."

அவர் என்னைப் பார்த்தார். "செத்ததுக்கா நான் ரெண்டு மாசம் தண்ணி ஊத்துனேன்?"

நான் பேனாவை நீட்டினேன். அவர் பேனாவை வாங்கி, ஒவ்வொரு கட்டமாக, மெதுவாக, பெருக்கல் குறி போட்டார். நன்றாக நேராகப் போட்டார். கட்டுரையில், நான்கு செடிகள் நீர் தேங்கியதால் அழிந்தன என்று எழுதினேன். தண்ணீர் ஊற்றியது யார் என்று டைரக்டர் கேட்டார். பெயரைச் சொன்னேன்.

நிரந்தரமாயிற்று. நீ அந்த வருஷம் பத்தாவது. கட்டுரை அச்சாகி வந்த பிரதிகளில் ஒன்றை நீ எடுத்து, பிரவுன் பேப்பரில் அட்டை போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாய். சாயங்காலம் வந்து, "அம்மா, எங்க பயாலஜி டீச்சர் உன்னைப் பார்க்கணுமாம்" என்றாய். நான் போகவில்லை. தலைவலி என்றேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு நீ தாவரவியல் எடுத்தாய். பெங்களூருக்குப் போகிறேன் என்றாய், அதே பூஞ்சை என்றாய். வி.டி. ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றியபோது, என் அம்மா விட்ட இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன் என்று உன் சிநேகிதியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அப்போது சொல்லியிருக்கவேண்டும். ரயில் நகரும் வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் காய்ச்சிக் குடி என்றேன்.

இதையெல்லாம் உனக்காகச் செய்தேன் என்று எழுதமாட்டேன். வாடகை, உன் பள்ளிக்கூடம், எல்லாம் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் அதுவே முழுதும் இல்லை. அந்த நான்கு தொட்டிகளை நான் வெறுத்தேன். அவை எனக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல இருந்தன. அந்த வாரம் வீட்டில் அதை யாரிடமாவது உரக்கச் சொல்லியிருந்தால், சொல்லும்போதே அது எப்படி இருக்கிறது என்று என் காதில் விழுந்திருக்கும். உன் அப்பா இருந்திருந்தால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "சாகலைன்னா ஏன் செத்ததுன்னு எழுதணும்?" என்று கேட்டிருப்பார். அவருக்கு விஞ்ஞானம் ஒன்றும் தெரியாது. அந்த ஒரு கேள்வி போதும். உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நல்லவளாக இரு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எதையாவது முடிவு செய்யுமுன் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல். ஹாஸ்டலில் அறைத்தோழியிடமாவது.

அடுத்தது இதைவிடக் கஷ்டம். மைதீன் பாய் எப்போதும்போல வந்தார். சல்லடை கழுவினார், டீ கொண்டுவந்து வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது என்னை அரித்தது. அவர் ரெஜிஸ்டரைத் திறக்கிற சத்தம் கேட்டால் நான் வெளியே போய்விடுவேன். மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு டைரக்டரிடம், அட்டெண்டருக்குக் கவனம் போதவில்லை, வேறு இடத்தில் போடுங்கள் என்றேன். கீழே பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டி, கோந்து, நின்றுகொண்டே வேலை. அதன் பிறகு ஐந்து வருஷம் அந்த லேபில் நான் தமிழ் பேசவில்லை. புதிதாக வந்த அட்டெண்டர் நல்ல பையன்தான், மராத்தி. சொன்னதைச் செய்வான். நான் ஏதாவது சொல்லி நானே சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். போன வருஷம் வேலையை விட்டபோது மாலை போட்டார்கள். கீழிருந்து அவர் மேலே வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்று பக்கத்து காம்ளே வீட்டுப் பெண் வாசலில் நின்று, "ஆன்ட்டி, சுதா தீதீகீ சிட்டீ?" என்று கேட்டாள். ஆமாம், உன் தீதியின் கடிதம்தான் என்றேன். என்ன எழுதியிருக்கிறாள் என்றாள். சௌக்கியம் என்றேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். இந்த வீட்டில் இப்போது கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் இல்லை. கீழே ஹார்பர் லைன் ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். பிறகு அதுவும் இல்லை. அப்படி நாலைந்து நாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன்.

வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மைதீன் பாய் என்று கேட்டால் சந்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கடைசியில் அவர் மகன் வைத்திருக்கிற பை தைக்கும் பட்டறைக்கு மேலே, ஏணிப்படி ஏறி. அவர் மனைவி ஜைத்தூன் கதவைத் திறந்து, "யாரு, கம்பெனி அம்மாவா? வாங்க, வாங்க" என்றாள். அவர் நரைத்திருந்தார். கோரைப் பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். உன்னைப் பற்றிக் கேட்டார். நீ பெங்களூரில் அதே பூஞ்சையைப் படிக்கிறாய் என்றேன். "அந்த மஞ்ச ரவையா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே சொல்லிவிடவேண்டும் என்று சொல்லிவிட்டேன். நான்கு தொட்டி, தண்ணீர், நீல வேர், ரெஜிஸ்டர்.

"அது எனக்குத் தெரியுமேம்மா" என்றார். "வேரக் கழுவுனது யாரு? இருபத்திநாலு கட்டு. எனக்கு எழுதத்தான் வராது, எண்ண வராதா?"

"பின்ன ஏன் பாய் ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன்."

ஜைத்தூன் டீ கொண்டுவந்து வைத்தாள். கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எழுந்து வந்திருக்கலாம். எழுந்திருந்தால் பாதியைத்தான் சொல்லியிருப்பேன்.

"உங்களைப் பேக்கிங்குக்கு மாத்தினதும் நான்தான்" என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "அது தெரியாது" என்றார்.

ஏணிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த குஜராத்தி சூப்பர்வைசருன்னு நெனச்சிட்டிருந்தேன். அவனோட ஒரு வருசம் பேசல." பிறகு எழுந்து, "பயலுக்கு ஒரு ஆர்டர் முடிக்கணும்மா. இருந்து டீ குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லி ஏணியில் இறங்கிப்போனார். திரும்பி வரவில்லை. ஜைத்தூன் என்னிடம் உனக்குக் கல்யாணம் பேசுகிறேனா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். டீயைக் குடித்துவிட்டு, பட்டறை வழியாகத்தான் வெளியே வரவேண்டும், வந்தேன். அவர் குனிந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தார். போயிட்டு வரேன் பாய் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். மன்னிப்பு என்று ஒன்று கிடைத்ததா என்று நீ கேட்டால், இல்லை. அது கேட்கப் போன இடமும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

நீ செய்யவேண்டியதை எழுதுகிறேன். பூஞ்சையைக் கைவிடாதே. அது மருந்தைக் கூட்டலாம். எனக்குத் தெரியாது, யாராவது ஒழுங்காகப் பார்க்கவேண்டும். தொட்டிகளைக் கலந்து வை. வாரம் ஒருமுறை இடம் மாற்று. இரண்டுக்கும் ஒரே மாதிரி தண்ணீர், ஒரே வெயில். ஒரு துளி மண் போய்விடுமே என்று பயப்படாதே, போனால் நீல வேரில் தெரியும், தெரிந்ததை எழுது. கலந்து வைக்க எனக்கு எப்போதும் பயம். உன் அப்பா போனபோது உன்னை அன்றைக்கே முலுண்டுக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பதின்மூன்று நாள். குழந்தை இதையெல்லாம் பார்க்கவேண்டாம் என்று. நீ திரும்பி வந்தபோது அவர் சட்டை, செருப்பு ஒன்றும் வீட்டில் இல்லை. நீ எதையும் கேட்கவில்லை. நல்ல பெண், தாங்கிக்கொண்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். பல வருஷம் கழித்து ஒரு நாள் அத்தைதான் சொன்னாள், அந்தப் பதின்மூன்று நாளும் நீ சாயங்காலம் முலுண்ட் ஸ்டேஷனில் போய் நின்றாய் என்று. இதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நீ வரும்போது பேசலாம். நீ விரும்பினால்.

ஆறு விவசாயிகளிடமும் கடலையே போடச் சொல். உன் கைடிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. அவருக்குத் தமிழ் தெரியாது, நீதான் சொல்லவேண்டியிருக்கும். உன் முதல் அத்தியாயம் போகும். ஒரு வருஷம் போகும். அதற்கு என்னிடம் மாற்று ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரே ஒரு பயம். நீ என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். அம்மா தனியாக இருக்கிறாள், அவளுக்கு என்று இருப்பது அந்த ஒரு கட்டுரைதான், வேறு ஏதாவது காரணம் சொல்லி நடவை நிறுத்திவிடலாம், இதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று நினைப்பாய். நினைப்பாய், எனக்குத் தெரியும். உனக்கு அந்த வேலை வேண்டாம். அதனால் கட்டுரை வந்த பத்திரிகையின் ஆசிரியருக்கு நேற்று ஒரு கடிதம் எழுதினேன். இந்த முறை ஆங்கிலத்திலும் நான் செய்தேன் என்று எழுத வந்தது. நான்கு தொட்டிகளின் அளவுகளையும், நான் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய ரெஜிஸ்டரில் மைதீன் பாய் போட்ட கோடுகளைப் பார்த்து எடுத்த பிரதியையும் வைத்தேன். கம்பெனிக்கு ஒரு நகல், அதில் அட்டெண்டர்மீது தவறில்லை என்று தனியாக ஒரு பத்தி. இன்று காலை தபால் ஆபீஸ் திறந்ததும் இரண்டையும் ரெஜிஸ்டர் தபாலில் சேர்த்தேன். ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்து, அதன் பிறகுதான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.